ஏலமும் ஏலமும்

தமிழில் 'ஏலம்' என்னும் சொல் இரண்டு பொருள் தரும். ஒன்று, மலைச்சாரலில் விளையும் நறுமணக் காய். மற்றொன்று, பலர் கூடி விலை கேட்க, மிகுதியாகக் கேட்டவருக்குப் பொருளை விற்கும் முறை. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாயினும் இவை பிறப்பால் உறவற்ற இரு சொற்கள். முன்னது நம் மண்ணின் பழஞ்சொல். பின்னது, போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்னும் சொல் தமிழர் நாவில் மருவி வந்தது. செடியின் பெயரோ நம்மிடமிருந்து வெளியே சென்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் வெளியிட்ட 'ஓர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் தாவர நூல், மலைநாட்டு மக்கள் வழங்கிய 'ஏலத்தரி' என்ற பெயரையே இச்செடிக்கு எழுதி வைத்தது. 1811ஆம் ஆண்டு தாவரவியலார் அதனைப் பேரினப் பெயராக ஏற்றனர். இன்றும் உலகெங்கும் ஏலச்செடியின் அறிவியல் பெயர் 'எலெட்டேரியா கார்டமோமம்' என்பதே.

உறவில்லாத இவ்விரு சொற்களும் நாள்தோறும் ஒன்றையொன்று சந்திக்கும் ஊர் ஒன்று உண்டு. தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூரே அது. அங்குள்ள மின்னணு ஏல மையத்தில், மலையில் விளைந்த ஏலக்காய் குவியல் குவியலாக விலைபோகிறது. ஒரு குவியலின் விலை முடிவாகச் சில நொடிகளே போதும். தோட்டக்காரரின் பல மாத உழைப்புக்கு அந்த நொடிகளில்தான் மதிப்பு இடப்படுகிறது. அப்போது வணிகர் எதைப் பார்த்து விலை சொல்கிறார்? மணத்தைப் பார்த்து என்று நாம் எண்ணுவோம். உண்மையில் அவர் முதலில் பார்ப்பது தோலின் பச்சை நிறத்தை. காயின் மணம் முழுதும் உள்ளிருக்கும் கரிய விதைகளில் அடங்கியிருக்க, விலையோ வெளித்தோலின் நிறத்துக்கும் பருமனுக்கும் அமைகிறது. இது முரண்போலத் தோன்றும். செடியிலிருந்து ஏல மேடை வரை காய் கடந்து வரும் வழியை அறிந்தால் அதன் காரணம் விளங்கும்.

மலையும் அடிவாரமும்

போடியிலிருந்து மேற்கே கொச்சி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அடிவாரத்தில் முள்மரங்களும் மாந்தோப்புகளும் வெயிலில் நிற்கும். ஏறி முடித்ததும் பனியும் குளிரும் நம்மைச் சூழும். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்த வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அதனால் மலைக்கு அப்பால் செழித்த காடும், இப்பால் மழைமறைவு நிலமும் அமைந்தன. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள மலைகளே 'ஏலமலை' எனப்படுகின்றன. இந்தியாவின் ஏலக்காயில் மிகப் பெரும் பங்கு இங்கிருந்துதான் வருகிறது. தமிழகப் பகுதியில் குரங்கணி, கொட்டகுடி, அகமலைச் சரிவுகளிலும் காப்பி, மிளகு ஆகியவற்றோடு ஏலம் பயிராகிறது.

விளைவது மலையில், சந்தையோ அடிவாரத்தில். இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. உலர்ந்த ஏலக்காய் காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறினால் நிறம் மங்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஆண்டில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையைவிட, வறண்ட காற்று வீசும் போடி சரக்கைப் பாதுகாக்க ஏற்ற இடம். சமவெளியோடு தொடர்புகொள்ளும் பாதையும், ஆள்பலமும், வணிகக் குடும்பங்களின் முதலீடும் இங்கே இருந்தன. மழை பெய்யாமையே ஓர் ஊருக்கு வாணிகத்தைத் தேடித் தந்தது என்று சொன்னால் தவறாகாது.

ஒரு நாள் வாழும் பூ

ஏலம், இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் உறவான செடி. மண்ணுக்குள் கிழங்கு படர, அதிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலாகத் தட்டைகள் கிளம்பும். தட்டை என்பது உண்மையான தண்டன்று. இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிச் சுருண்டு தண்டுபோல் நிற்பது. வாழையிலும் இத்தகைய அமைப்பையே காண்கிறோம். ஆனால் காய் உச்சியில் தோன்றாது. தட்டையின் அடியில், மண்ணை ஒட்டி நீளும் சரங்களில்தான் பூவும் காயும் தோன்றும். சரம் தரையில் படர்ந்தால் மலபார் வகை என்றும், நிமிர்ந்து நின்றால் மைசூர் வகை என்றும், இரண்டுக்கும் இடைப்பட்டுச் சாய்ந்திருந்தால் வழுக்கை வகை என்றும் கூறுவர்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் முதல் 1200 மீட்டர் வரையிலான உயரமும், நல்ல மழையும், இலைமக்கு நிறைந்த மண்ணும் இதற்கு வேண்டும். இவற்றினும் முதன்மையானது நிழல். நேர்வெயில் பட்டால் இலை கருகும்; நிழல் அடர்ந்தால் காய்ப்புக் குறையும். ஆகவே தோட்டத்தில் பலா முதலிய மரங்களைக் காத்து வளர்க்கின்றனர். மழைக்காலம் தொடங்குமுன் அவற்றின் கிளைகளை அளவோடு கழித்து ஒளிக்கு வழிவிடுகின்றனர். காட்டை முற்றிலும் அழித்துவிட்டு ஏலம் பயிரிட இயலாது. மலைப் பயிர்களுள் இந்தக் கட்டுப்பாட்டை உழவர்மேல் விதிப்பவை மிகச் சிலவே.

ஏலப்பூ சிறியது, வெண்மையானது, அதன் உதடு போன்ற இதழில் ஊதாக் கோடுகள் ஓடும். விடியற்காலையில் விரியும் அப்பூவின் வாழ்வு ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் உண்டு. ஆயினும் சூலகமுடி மகரந்தப்பைக்குச் சற்று மேலே அமைந்திருப்பதால், தானாக மகரந்தம் அதில் படியாது. தேனீ வரவேண்டும். தேன் தேடி உள்ளே நுழையும் இந்தியத் தேனீயோ மலைத்தேனீயோ முதுகில் சுமந்து வரும் மகரந்தத்தை உரசிச் செல்கிறது. அவ்வாறு தேனீ தொட்ட பூவே காயாகும். தொடாத பூ உதிர்ந்துவிடும். ஊதாக் கோடுகள் தேனீக்கு வழிகாட்டும் குறிகள் என்பர் அறிவியலார்.

இங்கு ஓர் உழவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப், தம் தோட்டத்துச் செடிகளை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து நோக்கி, நன்கு காய்த்தவற்றை மட்டும் தெரிந்தெடுத்துப் பெருக்கினார். அவ்வாறு உருவான வகை அவருடைய குடும்பப் பெயரால் 'ஞள்ளானி' எனப்பட்டது. 1990களுக்குப் பின் ஏலமலையின் பெரும்பகுதியில் ஞள்ளானி பரவி, விளைச்சலைப் பன்மடங்காக்கியது. மயிலாடும்பாறையில் 1978 முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. எனினும் தோட்டத்தின் முகத்தையே மாற்றியது, பள்ளிப் படிப்பைவிடக் கண்ணை நம்பிய ஓர் உழவரின் தேர்வுதான்.

கருங்காய் தெரியும் விரல்கள்

பூ காயாகி முற்ற ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகும். ஆனால் ஒரு சரத்திலுள்ள காய்கள் எல்லாம் ஒன்றாக முற்றுவதில்லை. அடியில் முற்றிய காயும், நடுவில் இளங்காயும், நுனியில் பூவும் ஒரே வேளையில் இருக்கும். ஆகவே நெல்லைப்போல் ஒரே மூச்சில் அறுவடை செய்ய முடியாது. ஆடி வாக்கில் தொடங்கி மாசி வரை, பதினைந்து நாள் முதல் ஒரு மாத இடைவெளியில், ஒரே செடியை மீண்டும் மீண்டும் தேடிச் செல்ல வேண்டும். எந்திரம் இன்றுவரை புகாத வேலை இது.

இவ்வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். போடி, தேவாரம், கம்பம், உத்தமபாளையம் வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் இருள் பிரியுமுன் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலைக்குச் சென்று, மாலையில் திரும்புகிறார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் வளைவுகளில் கவிழ்ந்த செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்ததுண்டு. மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டை கடிக்கும். காய் தரையை ஒட்டி இருப்பதால் நாள் முழுதும் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் பறிக்க வேண்டும்.

இதனை உடலுழைப்பு என்று மட்டும் கருதுவது பிழை. எந்தக் காயைப் பறிப்பது, எதை விடுவது என்பது அறிவு சார்ந்த முடிவு. இளங்காயின் விதை வெளுத்திருக்கும், உலர்த்தினால் சுருங்கிப் போகும், மணமும் இராது. மஞ்சள் பூத்துப் பழுத்த காயோ உலரும்போது வெடித்துவிடும். இரண்டுக்கும் இடையே, தோல் பச்சையாகவே இருக்க, விதை மட்டும் கறுத்திருக்கும் பருவம் ஒன்று உண்டு. அதனைக் கருங்காய் என்பர். அப்பருவத்திலேயே பறிக்க வேண்டும். உள்ளிருக்கும் விதையின் நிறத்தை வெளியிலிருந்து காண இயலாது. காயின் திரட்சி, தோலின் பசுமையில் ஏற்படும் மெல்லிய மாற்றம், காம்பிலிருந்து எளிதாகக் கழன்று வரும் தன்மை ஆகியவற்றால் விரல்கள் அதனை அறிகின்றன. நுனியில் உள்ள பூவும் பிஞ்சும் சேதமாகாமல் இத்தனையையும் கணப்பொழுதில் செய்கிறார்கள். ஏல மேடையில் பேசப்படும் தரத்தின் முதற்படி இந்த விரல்களில்தான் முடிவாகிறது.

பச்சையைக் காக்கும் வெப்பம்

பறித்த காயில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அதனை உலர்த்தி, ஈரத்தைப் பத்து விழுக்காட்டளவுக்குக் குறைக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். வெயிலில் உலர்த்தினால் என்ன என்று கேட்கலாம். வெயில் நீரை நீக்கும். அதனோடு பச்சையையும் நீக்கும். காய் வெளுத்து, வாய் பிளந்துவிடும். மேலும் அறுவடைக் காலமே மழைக்காலம்; வெயிலுக்கு எங்கே போவது? எனவேதான் தோட்டத்திலேயே உலர்த்தும் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து மக்கள் அவற்றை 'ஸ்டோர்' என்று அழைக்கின்றனர்.

பழைய முறை ஸ்டோரின் அமைப்பு எளிமையானது. கட்டடத்துக்கு வெளியே விறகு எரியும் அடுப்பு. அதிலிருந்து புறப்படும் இரும்புக்குழாய் அறைக்குள் தரையை ஒட்டி வளைந்து சென்று, மறுபுறம் புகைபோக்கியாக வெளியேறும். புகை காயைத் தொடாது. குழாயின் வெப்பம் மட்டுமே அறையைச் சூடாக்கும். அறை நெடுக அடுக்குத் தட்டுகளில் காய் மெல்லிய படலமாகப் பரப்பப்பட்டிருக்கும். வெப்பம் 45 முதல் 55 பாகை செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும், சில வேளைகளில் அதற்கு மேலும் இவ்வாறு உலர்த்துவர். இன்று எரிவாயு, மின்சாரம், டீசல் ஆகியவற்றால் இயங்கும் உலர்த்திகளும் வந்துள்ளன.

பச்சை நிறத்தைத் தருவது பச்சையம். அதன் மூலக்கூற்றின் நடுவே மக்னீசியம் அமர்ந்திருக்கிறது. காயின் செல்களில் இயல்பாகவே அமிலங்கள் உண்டு. சூடும் ஈரமும் சேரும்போது, அந்த அமிலங்கள் மக்னீசியத்தை வெளியேற்றிவிடுகின்றன. மக்னீசியம் இழந்த பச்சையம் பழுப்பாக மாறுகிறது. கீரையை மூடிவைத்து வேகவிட்டால் நிறம் கெடுவதும் இதனால்தான். ஸ்டோரில் முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது. அப்போது காயிலிருந்து நீராவி பெருமளவில் எழும். அதனை உடனுக்குடன் வெளியேற்றக் காற்றுவழிகளைத் திறந்து வைப்பர். ஆவி உள்ளேயே தங்கினால் காய் வெந்து பழுத்துவிடும். சரக்கு ஓரளவு உலர்ந்தபின் வழிகளை மூடி வெப்பத்தைக் காப்பர். உலர்த்துமுன் சலவைச் சோடா கலந்த நீரில் காயைப் பத்து நிமிடம் நனைப்பதும் உண்டு. சோடாவின் காரத்தன்மை அமிலத்தை அடக்கி, நிறத்தைக் காக்கிறது.

இரவு முழுவதும் ஒருவர் அடுப்பருகே விழித்திருக்க வேண்டும். தீ தணிந்தால் காய் புழுங்கும். மிகுந்தால் தோல் கருகி, விதையின் மண எண்ணெய் ஆவியாகும். உலர்ந்த காயைச் சூடு ஆறுமுன் தேய்த்தால் காம்பும், ஒட்டியிருக்கும் பூவின் எச்சமும் எளிதில் உதிரும். பிறகு ஒளி புகாதபடி கருநிறப் பாலித்தீன் உள்ளுறையிட்ட சாக்குகளில் கட்டுவர். பச்சையத்துக்கு வெளிச்சமும் பகை.

வணிகர் ஏன் தோலின் பச்சையைப் பார்க்கிறார் என்பது இப்போது விளங்கும். பச்சை, மணத்துக்கு நேர்ச்சான்று அன்று. ஆனால் பருவத்தில் பறித்தமை, தாமதமின்றி உலர்த்தியமை, தீயை அளவோடு காத்தமை, இருளில் சேமித்தமை ஆகிய எல்லாவற்றுக்கும் அது சான்று. இவற்றுள் ஒன்று தவறினும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கவனமாகக் கையாண்ட காயில் மணமும் குறையாதிருக்கும் என்று வணிகர் கணக்கிடுகிறார். இதனை அறிந்த சிலர் செயற்கை நிறம் ஏற்றிச் சான்றையே பொய்யாக்க முயல்வதும், அதனைத் தடுக்க ஆய்வுகள் நடப்பதும் இந்த வணிகத்தின் மறுபக்கம்.

சலித்தலும் விலை கேட்டலும்

போடியில் சரக்கு இறங்கியதும் தரம் பிரிக்கும் வேலை தொடங்கும். வட்டத் துளையிட்ட சல்லடைகளில் காயைச் சலித்து, 8, 7, 6 மில்லிமீட்டர் எனப் பருமனால் பிரிக்கின்றனர். வெடித்தவை, வெளுத்தவை, பூச்சி துளைத்தவை ஆகியவற்றைக் கையால்தான் பொறுக்க வேண்டும். கிடங்குகளில் வரிசையாக அமர்ந்து இதனைச் செய்பவர்களும் பெண்களே. அக்மார்க் விதிகளில் 'ஆலப்புழைப் பச்சை' என்ற தரப்பெயர் உண்டு. மலையில் விளைந்த காய்க்குக் கடற்கரை ஊரின் பெயர் ஏன்? திருவிதாங்கூர் அரசு ஏலக்காய் வணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்த காலத்தில், சரக்கு ஆலப்புழைக்குக் கொண்டு செல்லப்பட்டு விற்கப்பட்டது. அரசு போயிற்று, பெயர் நின்றது. அத்தரத்தின் முதல் வகைக்கு 7 மில்லிமீட்டர் பருமன் மட்டும் போதாது. ஒரு லிட்டர் அளவையில் நிரப்பினால் 435 கிராம் எடையும் நிற்க வேண்டும். பருத்த தோலுக்குள் விதை குறைந்திருந்தால் எடை நிற்காது. கண்ணை ஏமாற்றும் காயைத் தராசு பிடித்துவிடும்.

1965ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏலக்காய்க்கென ஒரு வாரியம் அமைந்தது. அது பின்னர், 1986ஆம் ஆண்டின் சட்டப்படி உருவான நறுமணப் பொருள்கள் வாரியத்தில் இணைந்தது. அவ்வாரியத்தின் உரிமம் பெற்ற ஏலதாரரிடம் தோட்டக்காரர்கள் சரக்கை ஒப்படைக்கின்றனர். ஒவ்வொருவரின் சரக்கும் எண்ணிட்ட தனித்தனிக் குவியலாகப் பதிவாகும். 2007ஆம் ஆண்டு மின்னணு ஏலம் அறிமுகமானது. அதன் பின்னர் வணிகர்கள் கணினிகளின் முன் அமர்ந்து பொத்தானை அழுத்தியே விலையை உயர்த்துகின்றனர். யார் கேட்கிறார் என்பது பிறருக்குத் தெரியாததால், முகம் பார்த்து விலையை அடக்கும் வழக்கத்துக்கு இடம் குறைந்தது. வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் இத்தகைய மையம் உண்டு.

ஆனால் கணினியால் மாற்ற முடியாதது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வணிகர் கைக்கு வந்தாக வேண்டும். அவர் அதைத் தட்டில் பரப்பி நிறம் பார்ப்பார்; உள்ளங்கையில் அள்ளி எடை உணர்வார்; ஒரு காயைப் பிளந்து விதை கறுத்திருக்கிறதா என நோக்கி, மென்றும் பார்ப்பார். அதன் பிறகே அவர் விரல் பொத்தானைத் தேடிச் செல்லும். பறித்த பெண்ணின் விரலும் வாங்குபவரின் விரலும் தேடுவது ஒரே கறுத்த விதையைத்தான்.

விலையின் ஏற்ற இறக்கம்

2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளம் ஏலமலையையும் சிதைத்தது. தொடர்ந்து வந்த கோடையும் செடிகளை வாட்டியது. சரக்குக் குறைந்தது. 2019 ஆகஸ்டு ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் வரை விலைபோனது. அதைக் கண்டு பலர் புதிதாகப் பயிரிட்டனர். சில ஆண்டுகளிலேயே சரக்குப் பெருகி, 2022இல் சராசரி விலை 1000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024 கோடையின் வறட்சியில் மீண்டும் செடிகள் கருகின; விலை மீண்டும் ஏறியது. உலகச் சந்தையில் நமக்குப் போட்டி நடு அமெரிக்காவின் குவாத்தமாலா. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் அங்குக் கொண்டு சென்ற ஏலம், இன்று அந்நாட்டை முன்னணி ஏற்றுமதி நாடாக்கியுள்ளது. அரபு நாடுகளில் விருந்தினருக்கு வழங்கும் காப்பியில் ஏலம் இன்றியமையாதது. அச்சந்தைக்காகவே இரு நாடுகளும் போட்டியிடுகின்றன.

விலை 7000 ஆனபோதும் 1000 ஆனபோதும் காய் பறிப்பவரின் நாட்கூலி அதனோடு சேர்ந்து ஏறி இறங்கவில்லை. கூலி, தொழிற்சங்கங்களும் தோட்ட உரிமையாளர்களும் பேசி முடிக்கும் ஒப்பந்தங்களால் அமைவது. அதனால் விலை வீழ்ச்சியில் ஒரு பாதுகாப்பும், விலை உயர்வில் ஓர் இழப்பும் அவர்களுக்கு உண்டு.

பூச்சிக்கொல்லி மற்றொரு சிக்கல். இலைப்பேன் காயின் தோலைச் சுரண்டினால் அவ்விடத்தில் சொறி தோன்றும்.  தோலின் அழகு கெட்டதால் விலை விழும். அந்தத் தோலைக் காப்பாற்றவே தோட்டக்காரர் மீண்டும் மீண்டும் மருந்து தெளிக்கிறார். எச்சம் மிகுந்த சரக்கை வெளிநாடுகள் திருப்பி அனுப்பியதும் உண்டு. காலையில் தெளிக்கும் மருந்து, அன்று விரிந்த பூவைத் தேடிவரும் தேனீயையும் கொல்லும். தேனீ வராத பூ காயாகாது. எனவே வேளாண் அறிவியலார், பூ விரிந்து தேனீ உலவும் காலை வேளையைத் தவிர்த்து, பிற்பகலில் மட்டும் தெளிக்குமாறும், சருகையும் காய்ந்த தட்டையையும் கழித்துப் பூச்சியின் இருப்பிடத்தைக் குறைக்குமாறும் கூறுகின்றனர். சொறி விழுந்த காய் ஏல மேடையில் தனிக் குவியலாக, குறைந்த விலைக்குப் போகிறது.